நாலு இன்ச் வாய்

புதுப்பேட்டையில் வாங்கும்போதே அதற்குப் பல் இல்லை.
நாலு இன்ச் வைஸ், பதினாறு கிலோ,
தாடைத் தகடுகள் கழன்று போன இடத்தில்
முன்னால் இரண்டு ஓட்டை, பின்னால் இரண்டு,
ஒன்றுக்குள் தலை முறிந்த திருகின் கழுத்து.
"ஒடம்பு கெட்டிம்மா, பல்லு எங்கனா கெடைக்கும்"
என்றார் தணிகாசலம்,
தீக்குச்சியால் தன் பல்லைக் குத்திக்கொண்டே.

பஸ்ஸில் எனக்குக் கட்டணமில்லை.
மடியிலிருந்த வைஸுக்குக் கேட்டார் கண்டக்டர்.
லக்கேஜ் டிக்கெட்டைப் பர்ஸில் வைத்தேன்.
வில்லிவாக்கம் வருவதற்குள்
இரண்டு தொடையும் மரத்துப் போயிருந்தன.

தாடை மேல் தாளை வைத்துப்
பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன்.
கறுப்புக்குள் வெள்ளையாக எழுந்தன ஓட்டைகள்.
அதை மடித்து எடுத்துக்கொண்டு
செம்புதாஸ் தெருவில் கடை கடையாக ஏறினேன்.
"இது மில்லிமீட்டருக்கு முந்தின வாய்" என்றார் ஒருவர்.
இன்னொருவர் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
எக்ஸ்ரே போலப் பார்த்தார்.
"பல்லு தனியா வராது, புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க."
மூன்றாமவர் தாளைத் தொடவே இல்லை:
"வீட்டுக்காரர் வரலையா?"

ஒரகடத்தில் ஆறு வருஷம்
நிமிஷத்துக்கு ஒன்பது நட்டு முடுக்கியிருக்கிறேன்.
கணக்கு முடித்துத் தந்த பணத்தில் பாதி
இந்த ஷட்டரின் அட்வான்ஸில் இருக்கிறது.
புதிதாக எடுக்க
வேறு பாதி என்னிடம் இல்லை.

லாரிப் பட்டை ஒரு துண்டு, எடைக்கு வாங்கியது.
இரண்டு டிரில் பிட்டைத் தின்றுவிட்டு
ஒரு பொட்டுக் குழிகூட விழாமல் கிடந்தது.
இஸ்திரி வண்டிப் பொன்னுரங்கத்திடம் கேட்டேன்.
மிச்சக் கரியைத் தகர டப்பாவில் கொட்டினார்.
பழைய ஹேர் டிரையரால் ஊதி ஊதிச் சிவக்கவைத்தோம்,
விடியும்வரை சாம்பலில் புதைத்தோம்.
மறுநாள் அது வெண்ணெய்.
அறுத்து, துளைத்து, முக்கோண அரத்தால்
குறுக்கும் நெடுக்குமாகப் பல் போட்டு,
திரும்பச் சிவக்கவைத்து ஆயிலில் முக்கினேன்.
சாயங்காலம் யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையில்
பழுப்பாக ஒரு பொட்டு.
யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

பல் முளைத்த வாய்க்கு முதல் இரை
ஓட்டேரி பேண்ட் கிளெமெண்ட் கொண்டுவந்த டிரம்பெட்.
ஊதுமுனை குழலுக்குள் இறுகிக் கிடந்தது.
பிடித்தேன், திருகினேன், வந்துவிட்டது.
பித்தளையில் கட்டம் கட்டமாக என் பல்.
அவர் திட்டவில்லை.
நகத்தால் ஒரு தரம் வருடினார்,
உதட்டில் வைத்துப் பார்த்தார்,
நூறு ரூபாய் கொடுத்தார்.
திட்டியிருக்கலாம்.

அன்றிரவு அலமாரிக்கு அடியிலிருந்து
கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவை இழுத்தேன்.
நாக்கை மட்டும் அறுத்தேன், நல்ல தோல்.
எவனோ உடைத்துப்போட்ட ஜன்னலின்
அலுமினிய ஆங்கிள் இரண்டு துண்டு,
பஞ்சர் சொல்யூஷன்,
ஊமையான ஸ்பீக்கரின் காந்தம்.
காந்தம் 'டக்'கென்று போய் ஒட்டியது.
மெத்தென்று ஒரு வாய்.
கோழிமுட்டையை வைத்து மூடினேன்.
உடையவில்லை.
இன்னும் கால் சுற்று ஆசைப்பட்டேன்.
உடைந்தது.
ஆம்லெட்டில் லேசாக ரப்பர் வாசம்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது.
இடப்பக்கத் தகட்டை ஒரு மயிரிழை கூடுதலாக ராவிவிட்டேன்,
அந்த ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது.
தகட்டுக்குப் பின்னால் லக்கேஜ் டிக்கெட்டை மடித்துச் செருகியிருக்கிறேன்.
எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது,
ஆயில் பட்டு ஊறுகிறது,
ரெண்டு வாரம் தாங்கும்.
அடுத்ததற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.
இலவச டிக்கெட்டும் அதே தடிமன்தான்.
அளந்து பார்த்துவிட்டேன்.